நம்மவர் யார்?



காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பழமொழி. தன் இனத்தைப் பேணும் இந்தக் குணம் உயிர்களுக்குப் பிறவியிலேயே அமைந்தது. உறவினருக்கு உதவும் உயிர், அவர்கள் வழியாகத் தன் மரபணுக்களையும் வாழவைக்கிறது என்று 1964-ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் ஹாமில்டன் விளக்கினார். கூட்டைக் காக்கக் கொட்டிவிட்டுத் தேனீ உயிர் துறப்பதும் இதனால்தான்.

ஆனால் மனிதர் இரத்த உறவோடு நிற்பதில்லை. 1970-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில், ஏறத்தாழ நம் வயதுள்ள மாணவர்களை ஹென்றி தாஜ்ஃபெல் என்ற பேராசிரியர் இரு குழுவாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடித்தது என்பதை வைத்துப் பிரித்ததாக அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அது குலுக்கல் முறையே. பிறகு மற்றவர்களுக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னார். பங்கிடுபவருக்குத் தம் முடிவால் ஒரு காசும் கிடைக்காது. ஆயினும் பலர் தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தம் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும், அடுத்த குழு அதைவிடக் குறைவாகப் பெறவேண்டும் என்றே விரும்பினார்கள்! இட்லரின் யூதப் படுகொலையில் குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர் தாஜ்ஃபெல் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும்.

பள்ளிப்பட்டில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. நம் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இப்பகுதி அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்திற்கும், படாஸ்கரின் தீர்ப்பிற்கும் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. கோடுதான் இடம் மாறியது. மக்களும் வயல்களும் கொசஸ்தலை ஆறும் மாறவில்லை. நம்மவர்மீது பாசம் கொள்வது பிறவிக் குணம். ஆனால் நம்மவர் யார் என்று கோடு கிழிப்பவர்கள் மனிதர்களே. மனிதர் கிழித்த கோட்டை மனிதரே அகலமாக்கலாம் அல்லவா?

அப்படியானால் தாய்மொழியை நேசிப்பது குற்றமா என்று சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. தன் பிள்ளையைக் கொஞ்சும் தாய் அடுத்த வீட்டுப் பிள்ளையை வெறுப்பதில்லையே! அணித்தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போதும், பாடக்குறிப்பைக் கொடுக்கும்போதும், தகுதியையும் தேவையையும் பாராமல் நம்மவள் என்பதை மட்டும் பார்த்தால்தான் அந்த அன்பு அநீதியாகிறது.

இதற்கு மருந்து உண்டா? 1954-இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில் முசாபர் ஷெரீப் என்ற அறிஞர் ஒரு சிறுவர் முகாமை நடத்தினார். பகைத்துக்கொண்ட இரு அணிகளை ஒன்றாக உட்காரவைத்து உணவளித்தபோதும் சண்டையே மிஞ்சியது. முகாமுக்குத் தண்ணீர் வராதபோது, இரு அணிகளும் சேர்ந்தே குறையைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இத்தகைய கூட்டு வேலைகளால் பகை மெல்லத் தணிந்தது. நமக்கும் இது புதிதன்று. ஆந்திரத்தின் அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டு நம் தரைப்பாலங்கள் மூழ்கும்போது, வெள்ளம் யாருடைய மொழியையும் கேட்பதில்லை.

ஆகவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒன்று வேண்டுகிறோம். அறிவியல் கண்காட்சிக்கும், விளையாட்டுக்கும், தோட்ட வேலைக்கும் குழுக்களைக் குலுக்கல் முறையில் அமையுங்கள். வீட்டில் தெலுங்கு பேசும் தோழிக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுப்போம். அவளிடம் தெலுங்கு எழுத்துகளைக் கற்றுக்கொள்வோம்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். புதிய தோழி ஒருத்தியின் பெயரை நாங்கள் வீட்டில் சொன்னால், "அவர்கள் என்ன ஆட்கள்?" என்று முதலில் கேட்காதீர்கள். "அவள் எப்படிப்பட்ட பெண்?" என்று கேளுங்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய நல்ல சமாரியரும் அவன் எந்த இனத்தான் என்று கேட்கவில்லை.

– பத்தாம் வகுப்பு மாணவி