நேற்று நிரையில், இன்று தராசடியில்



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்து உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது பொறுப்பான இடங்களுக்கு வருகிறார்கள். ஏ.எல். முடித்தவர் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகிறார். பசார் வீதிக் கடையில் காசாளராக இருந்த தம்பி அதே கடைக்கு மெனேஜராகிறார். அண்மைக் காலமாகச் சில தோட்டங்களில் பெண்களும் மேற்பார்வைக்கு வந்திருக்கிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷமான விஷயம். ஆனால் நாம் பதவியைக் கொடுக்கும்போது, ஆட்களை நடத்தும் விதத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கிறோமா?

பெரும்பாலும் இல்லை. சாவிக்கொத்தையோ செக்ரோலையோ கையில் கொடுத்து, "இனி நீங்கதான் பார்த்துக்கணும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? தான் பார்த்து வளர்ந்த அதிகாரத்தைத்தான் பின்பற்றும். நம் மலைகளில் அது பார்த்த அதிகாரம் என்ன? துரையின் அதட்டலும் கங்காணியின் ஏச்சும்.

அந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் பெரிய கங்காணி. தொழிலாளியின் கடன் அவர் கையில் இருந்தது. கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போவது கஷ்டம். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் பிரட்டுக்களத்தில் ஆட்களை ஏசி வேலை வாங்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இப்போது நம் பிள்ளைகளே அதை எடுத்து நடத்தும் நிலை வந்திருப்பதுதான் நம் கவலை.

முன்பு தொழிலாளிக்கு வேறு வழியில்லை. இன்று அப்படியல்ல. கொழும்புக் கடைகள், ஆடைத் தொழிற்சாலைகள், மத்திய கிழக்கு என்று இளையவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்தக் காசு இன்றைய விலைவாசிக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் வேலையை விட்டு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். சம்பளத்தோடு சேர்த்து, "மரியாதை இல்ல சேர்" என்பதையும் சொல்வார்கள்.

ஆகவே புதிதாகப் பொறுப்பேற்கும் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இவைதான்.

முதலாவது, தராசு. கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் ஒரு மேற்பார்வையாளரின் பெயர் நிலைக்கும் அல்லது கெடும். அன்றைய கிலோக் கணக்கு எட்டாவிட்டால் அரைப்பேர் போடும் இடத்தில் ஒரு கிலோவும் பெரிய விஷயம். நிறையைச் சத்தமாகச் சொல்லுங்கள். சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்தால் எவ்வளவு, ஏன் என்று சொல்லுங்கள். எழுதியதைக் காட்டுங்கள். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிக்க அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 83ஆவது அத்தியாயமான அல் முதஃப்பிஃபீன். கடைத் தராசுக்கு மட்டும் அது என்று நாம் நினைக்கக் கூடாது. லீவு கொடுப்பது, ஓவர்டைம் எழுதுவது, யாருக்கு எந்த மலை என்று பிரிப்பது எல்லாமே நிறுவைதான்.

இரண்டாவது, உறவு. நேற்று வரை பக்கத்து நிரையில் நின்றவர், ஒரே லயத்தில் இருப்பவர், சொந்த மச்சான். இவர்களுக்கு மேலே நிற்பது லேசான காரியமல்ல. சிலர் பயத்தில் நட்பையே வெட்டிவிடுகிறார்கள். சிலர் மச்சானுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இரண்டும் வேண்டாம். வேலை நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம், வேலை முடிந்தபின் பழைய உறவு. இதை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

மூன்றாவது, தெரியாததைக் கேட்பது. முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவுக்கு எந்த மலை எப்போது துளிர்க்கும் என்று தெரியும். அவரிடம் கேட்டால் உங்கள் மதிப்புக் குறையாது. நபி (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின், ஹிஜ்ரி 11இல் பொறுப்பேற்ற அபூபக்ர் (ரழி) அவர்கள் தமது முதல் உரையிலேயே, தாம் மக்களில் மிகச் சிறந்தவர் அல்ல என்றும், சரியாக நடந்தால் உதவும்படியும், தவறினால் திருத்தும்படியும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு சமுதாயத்துக்கே தலைமை ஏற்றவர் அப்படித் தொடங்கினார். ஒரு மலைக்கோ ஒரு கடைக்கோ பொறுப்பானவர் கேட்பதில் என்ன வெட்கம்?

நான்காவது, தவறைத் தனியே சொல்வது. பிரட்டுக்களத்தில் நாலு பேர் முன்னால் ஏசினால் அந்த ஆள் வேலையைத் திருத்திக்கொள்ள மாட்டார், உங்களை வெறுப்பார். நாங்கள் வகுப்பறையில் தினமும் பார்க்கும் உண்மை இது.

ஐந்தாவதுதான் மிகப் பெரியது. ஆட்களுக்காக மேலிடத்தில் பேசுவது. மலையகத்தில் குளவிக் கொட்டு எத்தனை உயிர்களை எடுத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். மரத்தில் கூடு இருக்கிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், அன்றைய கொழுந்துக் கணக்கைப் பார்ப்பதா, ஆட்களை வேறு மலைக்கு மாற்றுவதா? அந்த முடிவை எடுத்துவிட்டு, மேலே இருப்பவரிடம் "நான்தான் மாற்றினேன், காரணம் இது" என்று சொல்லும் தைரியம் வேண்டும். மேலிடத்து ஏச்சை அப்படியே கீழே இறக்கிவிடுவதற்கு ஒரு மேற்பார்வையாளர் தேவையில்லை, ஓர் ஒலிபெருக்கி போதும்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நியாயமில்லை. நமக்கும் பங்கு இருக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் புதியவருக்கு முதல் மூன்று மாதமாவது ஒரு நல்ல அனுபவசாலியைத் துணைக்கு வைக்கலாம். அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே பயிற்சிக்கு அனுப்பலாம். பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது, அங்குள்ளவர்களை அழைத்துப் பேச வைக்கலாம். கடை முதலாளிமார், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கோயில் சபைகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். நாங்கள் ஆசிரியர்களும் மாணவத் தலைவர்களை அடுத்த பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொடுக்க மட்டும் பழக்காமல், அவர்களுக்காகப் பேசவும் பழக்க வேண்டும். கூடவே சிங்களமும் தமிழும் இரண்டும் பேசப் பழக்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு மொழியோடு மட்டும் எல்லோரையும் நடத்த முடியாது.

உங்கள் வீட்டில், லயத்தில், கடையில் யாராவது இந்த வருடம் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தால் இதை அவருக்கு அனுப்புங்கள். அனுபவசாலிகள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். பதவி ஓர் அமானிதம். அதைச் சரியாகச் சுமக்க அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் துணை செய்வானாக.