கல் சுமந்தவர் எங்கே?

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவர்களை யாழ்ப்பாணக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் ஏறத்தாழ ஆறு மைல். கட்டிய ஆண்டு, ஆண்டவர் பெயர், கொத்தளங்களின் தொகை என நான் அடுக்கிக்கொண்டு போகையில், முருகைக்கல் மதிலைத் தடவிப் பார்த்து நின்ற ஒரு மாணவி, "சேர், இவ்வளவு கல்லையும் காவினது ஆர்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இருக்கவில்லை. பட்டம் பெற்ற தமிழாசிரியன், பண்டை இலக்கியத்து மதிலையும் அகழியையும் பக்கம் பக்கமாக வருணிக்கக் கற்றவன், அந்தப் பிள்ளையின் முன் வாயடைத்து நின்றேன். நின்றது நான் மட்டுமன்று. நாம் பேசிவரும் வரலாறே அங்கு வாயடைத்து நின்றது.

இக்கோட்டையைப் பற்றி நம்மிடையே இரு வகையினர் பேசுகின்றனர். ஒரு சாரார் ஒல்லாந்தரின் கட்டடத் திறனை வியந்து, ஐங்கோண அமைப்பைப் புகழ்ந்து, உல்லாசப் பயணிகளை வரவேற்கின்றனர். மறு சாரார் நல்லூர் இராசதானியின் வீழ்ச்சியை எண்ணிப் பெருமூச்செறிகின்றனர். 1619இல் பறங்கியர் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்ததும், சங்கிலி மன்னன் கோவாவிலே கொல்லப்பட்டதும், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதும் ஆறாத கொடுமைகளே, மறுப்பார் இல்லை. ஆயினும் இவ்விரு சாராரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. கல் சுமந்தவனை இருவருமே காண்பதில்லை. ஒருவருக்குத் தேசாதிபதி வேண்டும். மற்றவருக்கு மன்னன் வேண்டும்.

பறங்கியர் எழுப்பிய கோட்டையை 1658இல் முற்றுகையிட்டுக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை இடித்து ஐங்கோணமாகக் கட்டினர். உட்கோட்டை 1680 அளவிலும் வெளியரண்கள் 1792இலும் நிறைவெய்தின. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு! மூன்றே ஆண்டுகளில், 1795இல், பிரித்தானியர் போரின்றியே அதனுட் புகுந்தனர். யாருடைய முதுகுகள் முறிந்து எழுந்த மதிலோ, எசமானரைக் காக்க வேண்டிய நாளில் ஒரு வெடிக்கும் பயன்படவில்லை. கொத்தளங்களுக்கு ஒல்லாந்தும் சீலாந்தும் உத்திரெக்தும் பெயராயின. கல் சுமந்த கிராமம் ஒன்றின் பெயரேனும் அங்கு இல்லை.

அந்த மாணவிக்கு இப்பொழுது விடை கூறுகிறேன். குடிகளிடமிருந்து 'ஊழியம்' என்ற பெயரில் கூலியற்ற உழைப்பைக் கறந்தது ஒல்லாந்தர் ஆட்சி. பணமிறுக்க வல்லவன் விலகிக்கொள்ளலாம். வல்லாதவன் முதுகைக் கொடுக்க வேண்டும். போதாக்குறைக்கு, 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்த மக்களை நாகபட்டினத்தில் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது அதே கும்பனி. அவர்களிற் பலர் யாழ்ப்பாணத்திலே இறக்கப்பட்டனர். தமிழன் தமிழனாகவே விற்கப்பட்டு, கடல் கடந்து தமிழ் மண்ணுக்கே அடிமையாக வந்த கதை இது. இதற்கு எந்தப் புலவர் இரங்கற்பா இயற்றினார்?

இவ்வளவையும் அந்நியன் தலையிலே சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியுமா? கோட்டையினுள்ளே சிலுவை வடிவத் தேவாலயம் எழுந்தது 1706இல். அடுத்த ஆண்டே, 1707இல், தேசவழமை சட்டமாக எழுத்தில் வந்தது. அச்சட்டம் அடிமைகளைப் பற்றியும் விதி கூறுகிறது: அவர்கள் யாருக்கு உரியர், எவ்வாறு கைமாறுவர் என்று. அதனைப் பார்வையிட்டு 'சரியே' என ஒப்பியவர்கள் பன்னிரண்டு முதலிமார், நம்மவர், நிலமுடையோர். ஆதிக்கக்காரனின் பேனாவும் உள்ளூர் நிலவுடைமையாளனின் தலையசைப்பும் சேர்ந்து கட்டிய மதில் அது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. மதிலோ கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தேநீர்க்கடைத் தட்டிலும் நின்றது.

அம்மதிலை இடிக்கப் புறப்பட்டவர்கள் எவ்வூரினின்று புறப்பட்டனர் தெரியுமா? நமது சுன்னாகத்திலிருந்து! 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி, தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகம் சந்தையடியிலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்கு ஊர்வலம் கிளம்பிற்று. பொலிசாரின் தடியடி விழுந்தது, ஊர்வலம் நிற்கவில்லை. முற்றவெளி என்பது கோட்டையின் முன்றில். அடிமைகளின் கைபட்டு எழுந்த மதிலின் நிழலிலே, அவர்தம் வழிவந்தோர் தலைநிமிர்ந்து கூடினர். 1968இல் அதே வீதியின் மறுமுனையில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, போராட்டம் தொடர்ந்தது. நான் மாணவரை ஏற்றிச் சென்ற பேருந்தும் இவ்வீதியால்தான் ஓடிற்று. வழியில் இதனை ஒரு சொல்லாவது நான் சொன்னேனா? இல்லை.

"இனமே ஒடுக்கப்பட்டிருக்கையில் உள்வீட்டுப் பூசலைக் கிளறலாமா?" என்பர் சில நண்பர்கள். கோட்டைக்கு அணித்தே 1981இல் நூலகம் எரிந்தபோது எல்லாருடைய நெஞ்சும் எரிந்தது. 1980களில் கோட்டையினின்று பறந்த எறிகணைகள் சாதி பார்த்து விழவில்லை. இவை உண்மை. ஆனால் இடம்பெயர்ந்தோரின் கதையைக் கேளுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டோரின் முகாம்கள் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. காணியும் கையிருப்பும் உறவின் வீடும் உடையோர் முன்னரே வெளியேறினர். எஞ்சிக் கிடந்தோரிற் பெரும்பாலார் நிலமற்றோர், ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒரே குண்டுதான் விழுந்தது. எழும்பி நடக்க எல்லாருக்கும் ஒரே நிலம் இருந்ததா? இதனை மறைத்துக் கட்டும் ஒற்றுமை ஒற்றுமையன்று, இன்னுமொரு மதில்.

போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியோடு கோட்டை மதில்கள் புனரமைக்கப்பட்டன. நன்று, இடிந்தவை எழுந்திருக்கட்டும். அவற்றைக் காட்டி என்ன சொல்லிக் கொடுக்கப்போகிறோம் என்பதே வினா.

ஆசிரிய நண்பர்களே! அடுத்தமுறை மாணவரை அழைத்துச் செல்லும்போது கோட்டை வாயிலுக்கு நேரே போகாதீர்கள். முதலில் முற்றவெளியில் நில்லுங்கள். 1966ஐச் சொல்லுங்கள். ஊழியத்தைச் சொல்லுங்கள், நாகபட்டினத்துக் கப்பலைச் சொல்லுங்கள், பன்னிரு முதலிமாரையும் மறைக்காமற் சொல்லுங்கள். மாணவ நண்பர்களே! உங்கள் ஊரில் அந்த ஊர்வலத்தில் நடந்த முதியோர் சிலரேனும் இன்னும் இருக்கலாம். அவர்கள் கண்மூடு முன் சென்று கேட்டு எழுதி வையுங்கள்.

அதன் பின் மதிலைத் தொட்டுப் பாருங்கள். ஆண்டுகளை மனனஞ் செய்வது பிறகு ஆகட்டும்.