ஆறு ஸ்தானங்கள்

இயக்கப் பாகுநிலையை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றுவது பள்ளிப் பிள்ளையும் செய்துவிடக்கூடிய சாதாரணக் கணக்கு என்று எண்ணி, அதைப் பாடப் புத்தகத்தின் பின்னே ஓர் அட்டவணையில் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை. மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்குப் போக மூன்று ஸ்தானம் தள்ளிப் பழகிய கை, இந்த அலகுக்குள் இருப்பது பரப்பு என்பதை மறந்து, ஆறு ஸ்தானம் தள்ள வேண்டிய இடத்திலும் மூன்றோடு நின்றுவிடுகிறது. விடை ஆயிரம் மடங்கு பிசகிப்போகிறது. ஒரு சதுர மீட்டரை மில்லிமீட்டர்க் கட்டங்களாக வகுத்தால், ஓரத்துக்கு ஆயிரமாகப் பத்து லட்சம் கட்டங்கள் விழும். வினாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் என்பதே சென்டிஸ்டோக்; ஆகவே வினாடிக்கு ஒரு சதுர மீட்டர் என்பது பத்து லட்சம் சென்டிஸ்டோக். வினாடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டராகிய ஸ்டோக், நூறு சென்டிஸ்டோக்.

பாகு போன்ற ஒன்றை அளக்கப் பரப்பு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். திரவத்தின் பாகுநிலையை அதன் அடர்த்தியால் வகுக்கும்போது நிறை விலகிப்போய், பரப்பும் காலமுமே எஞ்சுகின்றன. அயர்லாந்தில் பிறந்து கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராய் விளங்கிய ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், காற்றின் உராய்வு ஊசல்குண்டின் ஆட்டத்தை எவ்வாறு தணிக்கிறது என்பதை ஆராய்ந்து 1850-இல் வாசித்த கட்டுரையில், இந்த ஈவைத் தனியொரு ராசியாகவே எடுத்துக் கையாண்டார். ஓர் அடுக்கில் தோன்றிய அசைவு அடுத்த அடுக்குகளுக்குள் எவ்வளவு விரைவில் பரவுகிறது என்பதை அது சொல்கிறது. 20 பாகை உஷ்ணத்தில் தண்ணீரின் அளவு ஏறக்குறைய ஒரு சென்டிஸ்டோக். அதாவது தொட்டியின் அடித்தளம் திடீரென்று நகரத் தொடங்கினால், அந்த நகர்ச்சி, இந்த அளவைக் காலத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் தூரமாகிய ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வினாடியில் மேலேறும். சுழல்கள் தோன்றிக் கலக்காமல் நீர் சாந்தமாகவே இருக்குமானால், அது ஒரு மீட்டர் ஏறுவதற்குப் பத்து லட்சம் வினாடிகள், பதினொன்றரை நாட்களுக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும். காற்றின் அளவோ சுமார் 15 சென்டிஸ்டோக். தண்ணீரைக் காட்டிலும் ஐம்பது மடங்குக்கு மேல் பாகு குறைந்த காற்று, எண்ணூறு மடங்குக்கு மேல் லேசாகவும் இருப்பதால், இந்த அளவையில் தண்ணீரை முந்திவிடுகிறது. முதன்முறை படிப்பவர்கள் நம்பத் தயங்கும் இந்த உண்மையை எந்த ஆசிரியரும் அவசரமாகக் கடந்துவிடலாகாது.

எண்ணெய்ப் பரிசோதனைச் சாலைகளில் இதை அளக்கும் முறை மிக அழகானது. வளைந்த கண்ணாடிக் குழாயை 40 பாகை வெந்நீர்த் தொட்டிக்குள் செங்குத்தாய் நிறுத்தி, எண்ணெயை மேல்கோட்டுக்கு அப்பால் உறிஞ்சி ஏற்றி விட்டுவிட்டால், அது தன் பாரத்தாலேயே நுண்துளை வழியே இறங்கும். எண்ணெயின் விளிம்பு மேல்கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, கீழ்க்கோட்டைத் தொடும்போது நிறுத்த வேண்டும். இழுக்கும் பாரமும் அடர்த்தியால் வருவது, வகுக்க வேண்டியதும் அடர்த்தி. ஆதலால் தராசின் உதவி இல்லாமலே இயக்கப் பாகுநிலை நேராகக் கைக்கு வருகிறது. வினாடிகளோடு பெருக்க வேண்டிய குழாயின் மாறிலி 0.1 ஆகவும், எண்ணெய் 680 வினாடிகள் எடுத்துக்கொண்டதாகவும் இருந்தால், பீப்பாயின் மேல் 68 என்று எண்ணிட்டு விற்கும் எந்திர எண்ணெய் அதுதான். அதே 68 சென்டிஸ்டோக்கை மீட்டர்க் கணக்கில் எழுதினால் 0.000068 ஆகிறது. எண்ணெய்க்காரர்கள் சென்டிஸ்டோக்கை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பிரகிருதி எண்ணெய்ப் பீப்பாயோடு நின்றுவிடுவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 269 பாகையில் கொதிக்கும் திரவ ஹீலியத்தின் அளவு ஒரு சென்டிஸ்டோக்கில் நாற்பதில் ஒரு பங்குதான். மறு எல்லையில் பூமியின் உட்பாறை இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவை அழுத்திக் கிடந்த பனிப்பாளம் உருகிப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றும், பாத்னியா வளைகுடாக் கரை இன்றும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது. துறைமுகம் ஆழம் குறைந்துபோனதால் ஸ்வீடனின் லூலியோ நகரத்தை 1649-இல் கடலோரமாக இடம் மாற்றவே நேர்ந்தது. இந்த எழுச்சியின் வேகத்தைக் கொண்டு, 1935-இல் ஹாஸ்கெல் என்னும் அறிஞர், கண்ணுக்கு எட்டாத அந்தப் பாறையின் இயக்கப் பாகுநிலையைக் கணித்தார். அவர் கண்ட விடை 3-க்குப் பின் 21 பூஜ்யங்கள் கொண்ட ஸ்டோக். அதைச் சென்டிஸ்டோக்கில் சொன்னால் முந்நூறு கோடி கோடி கோடி. சதுர மீட்டரில் சொன்னால் மூவாயிரம் கோடி கோடி.

இந்தக் கடைசி உருவந்தான் பேசுகிறது. தண்ணீருக்குச் செய்ததுபோல இதற்கும் வர்க்கமூலம் எடுத்துப் பார்த்தால், ஒரு வினாடிக்குரிய தூரம் ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர்தான். அசைவு பரவுவதற்கான காலம் ஒரு கணம், நிலம் நிமிர்வதற்கான காலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்று ஏற்படும்போது, அந்த எழுச்சியில் பாறையின் ஜடத்துவத்துக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய், பாரமும் உராய்வுமே மிஞ்சுகின்றன. ஹாஸ்கெல் தமது சமன்பாடுகளில் ஜடத்துவ உறுப்பை அடியோடு தள்ளிவிட்டதற்கு இதுவே நியாயம்.