சொகுசு கப்பல் வந்தாச்சு... கரையில் இருப்பவனுக்கு காசு வருமா?

புதுச்சேரி கடலில் சொகுசு கப்பல் வந்து நின்றால் போதும், ஊரே ரெண்டாக பிரிந்து பேசுகிறது. வேலைவாய்ப்பு பெருகும் என்கிறது ஒரு தரப்பு. சூதாட்டம் வரும், கலாசாரம் கெட்டுப்போகும் என்கிறது இன்னொரு தரப்பு. கப்பலில் இருந்து இறங்குகிறவன் கரையில் என்ன செய்கிறான், யார் கையில் காசு கொடுக்கிறான், பத்திரமாக திரும்புகிறானா என்பதுதான் ஆட்டோ ஓட்டுபவருக்கும் படகு ஓட்டுபவருக்கும் முக்கியம். அதைத்தான் யாரும் பேசக் காணோம்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் இருந்து வந்த கார்டிலியா கப்பலுக்கு புதுவையில் அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று அப்போதைய கவர்னர் தமிழிசை சவுந்தரராஜன் சொன்னார். கடலில் நின்ற கப்பல் பயணிகளை இறக்காமலேயே கிளம்பிப் போனது. 3 வருடம் கழித்து, 2025 ஜூலை 4-ந்தேதி, அதே நிறுவனத்தின் கப்பல் விசாகப்பட்டினத்தில் இருந்து மறுபடியும் வந்தது. இந்த முறை பயணிகள் சிறிய படகுகளில் உப்பளம் துறைமுகத்துக்கு அழைத்து வரப்பட்டனர். எதிர்க்கட்சிகள் அப்போதும் எதிர்ப்பு தெரிவித்தன.

நாலைந்து மணி நேரம்தான்

இவ்வளவு பெரிய கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்கும் அளவுக்கு புதுவை துறைமுகத்தில் ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு, ஆட்களை படகில்தான் கொண்டு வரவேண்டும். வரிசை, படகு, சோதனை என்று போகும்போதும் வரும்போதும் நேரம் கரையும். பகல் முழுக்க கப்பல் நின்றாலும் பயணி கையில் மிஞ்சுவது நாலைந்து மணி நேரம்தான்.

அதற்குள் என்ன பார்க்கலாம்? ஊரில் இருந்து 8 கி.மீ. தூரத்தில் சுண்ணாம்பாறு படகு குழாம். அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச். ஆரோவில் பக்கம் போனால் செரினிட்டி பீச்சில் அலைச்சறுக்கு. கொஞ்சம் துணிச்சல் இருந்தால் கடலுக்கு அடியில் ஸ்கூபா டைவிங். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் எடுத்த பிச்சாவரத்தை பார்க்க ஆசைப்பட்டால் நடக்காது. 70 கி.மீ.க்கு மேல் போய் வருவதற்குள் கப்பல் போயே விடும்!

இங்கேதான் சூட்சுமம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் வர லேட்டானால் கப்பல் காத்திருக்கும். தானாக ஆட்டோ பிடித்து போனவருக்கு அந்த சலுகை இல்லை. உலகம் முழுக்க இந்த தொழிலில் இதுதான் வழக்கம். அந்த பயத்திலேயே பாதி பேர் கப்பல்காரர்கள் காட்டும் ஏ.சி. பஸ்சில் ஏறிவிடுவார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர் பஸ் போவதை பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

மீதி பேர் தனியாக வருவார்கள், ஆனால் பறந்து கொண்டு வருவார்கள். ஆபத்து அந்த அவசரத்தில்தான் இருக்கிறது. ஸ்கூபாவில் முதல்முறை இறங்குபவரிடம் உடம்பில் நோய் உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஆழம் இல்லாத தண்ணீரில் மூச்சு விட பழக்க வேண்டும். "சார், டைம் இல்லை" என்றதும் முதலில் வெட்டு விழுவது இந்த பழக்கத்துக்குத்தான்.

பழவேற்காடு மறந்து போச்சா?

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே படகு சவாரிக்கு தடை வந்தது. மீன்பிடி படகு மீன் பிடிக்க செய்தது. முகத்துவாரத்தில் தண்ணீர் இழுக்கும் இழுப்பு மீனவருக்கு தெரியும், லைப் ஜாக்கெட் இல்லாமல் செல்பி எடுக்க எழுந்து நிற்கும் பயணிக்கு தெரியாது.

பணக்கார நாட்டிலும் இதே கதை நடந்தது. 2019 டிசம்பர் 9-ந்தேதி நியூசிலாந்தில் ஒயிட் ஐலண்ட் எரிமலை வெடித்தபோது தீவில் இருந்தது 47 பேர். பெரும்பாலானோர் ஒரு சொகுசு கப்பலில் இருந்து ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். 22 பேர் உயிர் போனது. எரிமலை குமுறல் கூடியிருப்பதாக முந்தின மாதமே எச்சரிக்கை உயர்த்தப்பட்டும் சுற்றுலா நிற்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு கப்பலே வேண்டாம் என்று சொல்வதும் சரியல்ல. உப்பளத்தில் இறங்கியதுமே கண்ணில் படும்படி ஆட்டோ கட்டண பலகை வைக்கலாம். குறித்த நேரத்துக்குள் திரும்ப கொண்டு வந்து விடும் ஆட்டோக்களுக்கு டோக்கன் முறை கொண்டு வந்தால் பஸ்சை நம்புகிற பயணி ஆட்டோவையும் நம்புவார். பயணிகளை ஏற்றும் படகுக்கு தனி உரிமம், ஆள் கணக்கு, லைப் ஜாக்கெட் மூன்றும் இல்லாமல் ஒரு படகும் கிளம்பக்கூடாது.

அந்த வேலைக்கு கடலை தெரிந்த மீனவ இளைஞர்களை விட்டால் வேறு ஆள் யார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு தொழிலாளர்கள் வருமானம் இல்லாமல் கரையில் இருக்கும் நேரம் அது. உயிர்காக்கும் பயிற்சியும் படகு உரிமமும் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அக்டோபரில் வடகிழக்கு பருவமழை ஆரம்பித்துவிட்டால் சிறிய படகில் ஆள் இறக்குவதே பெரிய பாடாகிவிடும்.