பூனைக்கு எல்லாம் தெரியுமாம்!

"அது பூனை. எதைத் தின்னக்கூடாது எண்டு அதுக்கே தெரியும்." பூனையும் செடியும் சேர்த்து வளர்க்கிற வீடுகளில் நாங்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பொய்.

பூங்கொத்தில் வருகிற லில்லியை எடுப்போம். இதழ், இலை, தண்டு, மகரந்தம், சாடியில் நிற்கிற தண்ணீர் எல்லாமே பூனைக்கு நஞ்சு. கடிக்கக்கூடத் தேவையில்லை. உரசிக்கொண்டு போனால் மயிரில் மகரந்தம் ஒட்டும்; உடம்பை நக்கித் துப்புரவாக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். அண்டைக்கே சத்தி எடுக்கும், சாப்பாட்டைத் தொடாது. 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். இதில் எந்த உள்ளுணர்வு வந்து காப்பாற்றும்? நக்குவதுதானே பூனையின் உள்ளுணர்வு!

அதுக்காக எல்லாச் செடியையும் தூக்கி எறியுங்கோ எண்டு நாங்கள் சொல்லேல்ல. மணி பிளான்ட், டீஃபன்பாக்கியா, மொன்ஸ்டெரா போன்றவற்றில் ஊசி மாதிரியான கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், வீணீர் வடியும். உயிர் போவது அரிது. சைக்கஸ் அப்படியில்லை, ஈரலையே அழிக்கும். அதன் விதை இன்னும் மோசம். ஸ்பைடர் பிளான்டும் அரேக்கா பாமும் பூனைக்கு நஞ்சில்லை. வித்தியாசம் இவ்வளவு இருக்கும்போது எல்லாவற்றுக்கும் 'இன்டோர் பிளான்ட்' எண்ட ஒரே பேர் எப்படிப் போதும்?

கார்த்திகைக் கிழங்கு நஞ்செண்டு எங்கட அம்மம்மாமாருக்கு ஆரும் லேபல் ஒட்டிக் காட்டேல்ல. வேலியில் படர்ந்ததை அவர்கள் பேர் சொல்லி அறிந்திருந்தார்கள். நாங்களோ பேர் தெரியாத செடியைப் படம் பார்த்து வாங்குகிறோம். கடைக்காரரும் விலையை எழுதுகிறார், பேரை எழுதுவதில்லை. வளவெல்லாம் திரிந்த பூனையை மாடிவீட்டுக்குள் பூட்டிவைத்தால், அதுக்குக் கிடைக்கிற ஒரே பச்சை நாங்கள் வைத்த சாடிதான். அதைக் கடித்ததுக்குப் பூனையைப் பேசுவது என்ன நியாயம்?

ஆகவே, பூனை இருக்கிற வீட்டுக்குள் லில்லி வேண்டாம். பரிசாக வந்தாலும் வேண்டாம். உயரத்தில் வைத்தால் காணும் எண்டு நினைக்காதேங்கோ, ஏறுகிறது பூனை. கடிக்க ஆசையெண்டால் ஒரு சாடியில் புல்லு வளர்த்துக் குடுங்கோ. லில்லி பட்டுவிட்டது எண்டு சந்தேகம் வந்தாலே, பாலைப் பருக்கிவிட்டு விடியட்டும் எண்டு இருக்காமல், செடியின் படத்தோடு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கோ. நாளத்தூடு சேலைன் நேரத்தோடு ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு, பிந்தினால் அது குறைந்துகொண்டே போகும்.

செடி விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது இரண்டே வரி: செடியின் பேர், பூனைக்கு நஞ்சா இல்லையா. விலைச்சீட்டில் அதுக்கு இடமிருக்கு. நீங்களும் கேளுங்கோ. சொல்லாவிட்டால் வாங்காதேங்கோ.