துணிவல்ல, துணையே வேண்டும்!

முன்னைய பிள்ளைகளைச் சத்திரசிகிச்சையாற் பெற்றெடுத்த தாயொருத்தி, அடுத்த பிள்ளையை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாமா என எண்ணுகிறாள். இவ்வெண்ணத்தை அறியாமை என்று எள்ளி நகையாடுதல் எளிது. அஃது எங்கிருந்து பிறக்கின்றது என்று ஆராய்தலே பொறுப்புடையோர் கடமையாகும்.

எமது விடையை முதலிலேயே கூறிவிடுகின்றோம்: வேண்டாம். கருப்பையிலுள்ள பழைய தழும்பு, பிரசவ வேதனையின்போது பிளந்துவிடக்கூடும். ஒருமுறை சிசேரியன் செய்தவர் இயற்கைப் பிரசவத்திற்கு முயலும்போது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு இவ்விபத்து நேர்கின்றது. இருமுறை செய்தவர்க்கோ நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டுகின்றது. சிறிய எண்தானே என்பீர்கள். ஆனால், அது நேர்ந்துவிட்டால் குழந்தையின் உயிர் நிமிடக் கணக்கிற் போய்விடவுங்கூடும். தாயோ உள்ளுக்குள்ளேயே குருதியை இழப்பாள். அவ்வேளை வேண்டுவன சத்திரசிகிச்சைக் கூடமும், மயக்க மருந்து நிபுணரும், இரத்த வங்கியும். வெள்ளவத்தை அடுக்குமாடியிலிருந்து தாயை இறக்கி, காலி வீதியின் வாகன நெரிசலைக் கடக்கும் நேரம் அந்நிமிடங்களுக்குள் அடங்குமா? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் அடங்குமா? எத்துணைக் கைதேர்ந்த மருத்துவிச்சியும் அவ்விடைவெளியை நிரப்ப இயலாது.

நம் பாட்டிமார் வீட்டிலேதான் பெற்றனர் என்று சிலர் வாதிப்பர். உண்மை, ஆனால் அவர்கள் தழும்புடன் பெற்றவர்களல்லர். மேலும், 1930களில் இந்நாட்டில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர் என்பதையும் மறத்தலாகாது. கொழும்பில் 1879இல் நிறுவப்பெற்ற டி சொய்சா மகப்பேற்று மனையும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு வீடாக நடந்த மருத்துவ மாதரும் சேர்ந்தே அக்கொடுமையைக் குறைத்தனர். அண்மைக் காலத்தில் அவ்வெண்ணிக்கை முப்பதையொட்டி நிற்கின்றது. 2018இல் தமிழ்நாட்டுத் திருப்பூரில், காணொளியின் துணைகொண்டு வீட்டிற் பிரசவம் பார்த்ததால் ஒரு தாய் குருதிப்போக்கால் மாண்டாள்.

எனினும், வழக்கின் மறுபக்கமும் உண்டு. “ஒருமுறை சிசேரியன் எனில் என்றும் சிசேரியனே” என்ற விதியை அமெரிக்க வைத்தியர் கிரேகின் 1916இல் எழுதினார். அக்காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாகக் கீறினர். இன்று பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியிற் குறுக்காகவே கீறுகின்றனர். அவ்வாறு ஒருமுறை கீறப்பட்டோருள் தகுதியறிந்து முயல்வோரில் நால்வருக்கு மூவரளவில் இயற்கையாகவே பெறுகின்றனர். அன்றியும், ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கருவின் நச்சுக்கொடி தழும்பிற் பற்றிப் புதையும் ஆபத்தைப் பெருக்குகின்றது. இலங்கையிலோ இன்று மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட பிரசவங்கள் கத்தியாலேயே முடிகின்றன.

இவற்றையெல்லாம் அத்தாய்க்கு எடுத்துரைப்பவர் யார்? ஏன் கீறினர், எவ்வாறு கீறினர், இனி என்ன செய்யலாம் என்பன அவளுக்கு விளங்கும் மொழியிற் கூறப்படாதபோது, வைத்தியசாலை அவளுக்கு அச்சமாகின்றது, வீடு புகலிடமாகின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை ஏட்டிலிருந்து பிரசவ விடுதியின் கட்டிலருகே வந்து சேர வேண்டாமா? வேதனையில் துடிப்பவள் மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைவாளா?

எனவே நாம் வற்புறுத்துவன மூன்று. சத்திரசிகிச்சை செய்த காரணத்தையும் கீறிய முறையையும் எழுதிய குறிப்பு, வீடு திரும்பும்போதே தாயின் கையிற் கொடுக்கப்படல் வேண்டும். அடுத்த கருவின் தொடக்கத்திலேயே, வைத்தியசாலையில் இயற்கைப் பிரசவத்திற்கு முயலலாமா என்பதை நிபுணர் தமிழிலே கலந்துரையாட ஒழுங்கு செய்தல் வேண்டும். வேதனை நேரத்தில் அவள் நம்பும் பெண்ணொருத்தி அருகிருக்க இடமளித்தல் வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். உடைந்து கட்டிய குளக்கட்டு மாரி வெள்ளத்தைத் தாங்கவுங்கூடும். ஆயினும், அடைமழை இரவில் அதனைக் காவலின்றி விட்டு உறங்கச் செல்லும் கமக்காரன் எவனுமில்லை. தாயின் தழும்புக்கும் அக்காவல் வேண்டும். அது கிடைக்குமிடம் வைத்தியசாலையே. அங்கே அவள் அஞ்சாது செல்லும் நிலையை உண்டாக்குவது அரசின் கடன். அதனைக் கேட்டுப் பெறுவது நமது கடன்.