முகாம் உணவும் நம் பிள்ளைகளும்



தேசிய சேவைப் பயிற்சித் திட்டம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மூன்றாம் வடிவம் எடுத்து மீண்டும் தொடங்கியது. அது முதல் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். “டீச்சர், அங்கே பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு போடுவார்கள்? எங்கே படுக்க வைப்பார்கள்?” இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் உண்டு. நாட்டுக்குச் சேவை செய்யப் போகும் இடத்தில் சோற்றைப் பற்றிப் பேசலாமா என்பது அவர்களின் எண்ணம். பேசத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2004இல் இத்திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அழைப்பு வந்தும் செல்லாதவர்களுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் முகாம் வாழ்க்கை. முகாம்கள் பலவற்றைத் தனியார் குத்தகைக்கு எடுத்து நடத்தினர். நாளொன்றுக்கு ஆறு வேளை உணவு என்றார்கள். ஆனால், உணவு நச்சுத்தன்மையால் பயிற்சியாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்திகளும் வந்தன. பயிற்சிக் காலத்தில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2015இல் செலவைக் குறைக்க நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடங்கப்பட்ட அத்திட்டம் 2018இல் கைவிடப்பட்டது.

புதிய திட்டம் 45 நாள் பயிற்சியாக வந்தது. அதில் பெரும்பகுதி அடிப்படை இராணுவப் பயிற்சி. நடத்துவது இராணுவம், களமாக அமைந்தவை வத்தானியா முகாம்கள். வத்தானியா என்பது நம் நாட்டின் சேமப் படை. வார நாள்களில் தத்தம் வேலையைச் செய்துவிட்டு ஓய்வு நாள்களில் பயிற்சி பெறுபவர்கள் அதன் வீரர்கள். நாடு அழைத்தால் முழுநேரப் பணிக்குச் சென்றாக வேண்டும். ஆகவே, முகாமின் உணவும் உறைவிடமும் 45 நாள் பிள்ளைகளை மட்டும் பொறுத்தவை அல்ல. வத்தானியாவில் சேர விரும்பும் நம் இளைஞர்கள் அனைவரையும் பொறுத்தவை.

இராணுவச் சமையலறை ஹலால் முறையில் இயங்குகிறது. அது முறையே; அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், ஹலால் என்பதாலேயே எல்லாரும் உண்ணலாம் என்று ஆகிவிடாது. மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் இந்துப் பிள்ளை என்ன உண்பான்? இறைச்சிக் குழம்பில் இட்ட கரண்டியையே காய்கறிக்கும் இட்டால் சைவப் பிள்ளை என்ன செய்வாள்? முகாமுக்குச் சென்று திரும்பிய என் முன்னாள் மாணவர் ஒருவர், அத்தகைய நாள்களில் வெறுஞ்சோற்றில் கிச்சாப் ஊற்றி உண்டதாகக் கூறினார். அவர் எவரையும் குறை கூறவில்லை. “இது நமக்கான இடம் இல்லை போலிருக்கிறது” என்று மட்டும் சொன்னார். அச்சொல்தான் என்னை வருத்தியது. ஆயுதப் படைகளில் இந்தியர் எண்ணிக்கை குறைவு என்று மேடைதோறும் கவலைப்படுகிறோம். அதற்குக் காரணங்கள் பல. சாப்பாட்டுத் தட்டும் அவற்றுள் ஒன்று என்பதை மறக்கலாகாது.

“படை என்றால் கிடைத்ததை உண்ண வேண்டும், சலுகை கேட்கக் கூடாது” என்பார்கள். காட்டுப் பயிற்சிக்கு அது பொருந்தும். பட்டியலிட்டு, பொருள் வாங்கி, அடுப்பில் சமைக்கும் முகாமுக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு பருப்புக் குழம்போ முட்டையோ சேர்ப்பது திட்டமிடுபவரின் மனத்தைப் பொறுத்தது, பணத்தைப் பொறுத்ததன்று.

நம் கெடா மாநிலத்திற்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்பும் உண்டு. 1941 டிசம்பரில், ஜித்ரா போருக்குப் பின், அலோர் ஸ்டாரில்தான் இந்திய தேசிய இராணுவத்திற்கு மோகன் சிங் வித்திட்டார். 1943இல் நேதாஜி தலைமையேற்ற பின் தோட்டப்புறத் தமிழர்கள் பெருந்திரளாக அப்படையில் சேர்ந்தனர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மத வாரியாக இருந்த சமையலறைகளை விட்டு, அனைவரும் ஒரே சமையலறையில் உண்டனர். ஒன்றாக உண்பது ஒற்றுமையை வளர்க்கும் என்பதை நம் பாட்டன்மார் அன்றே கண்டனர். அண்டை நாடான சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாய தேசிய சேவை நடக்கிறது. பின்னர் சேமப் படையினராகப் பல ஆண்டுகள் முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். அங்குள்ள படை உணவகங்களில் முஸ்லிம் உணவும் பிற உணவும் சைவ உணவும் தனித்தனியே கிடைக்கின்றன. அதனால் அப்படையின் கட்டுப்பாடு தளர்ந்துவிடவில்லை.

நாம் தனிச் சமையலறை கேட்கவில்லை. பொதுப் பந்தியில் ஓர் இடம் கேட்கிறோம். மாட்டிறைச்சி சமைக்கும் வேளையில் வேறொரு கறி இருக்கட்டும். சைவ உணவினரைப் பதிவின்போதே கேட்டறிந்து, அவர்கள் உணவுக்குத் தனிக் கரண்டி வைக்கட்டும். உணவின் பெயரை எழுதி வைக்கட்டும். தங்குமிடத்தில் தூய குடிநீரும், பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள குளியலறையும், காற்றோட்டமான படுக்கையறையும் இருக்கட்டும். இவற்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுத்து வடிவில் கேட்கலாம். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

நம் கடமையும் சில உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பொய்ச் சான்றிதழ் வாங்கிப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். துணி துவைக்கவும் படுக்கையை மடிக்கவும் தட்டைக் கழுவவும் இப்போதே பழக்குங்கள். “எனக்கு இது ஆகாது, வேறு உண்டா?” என்று மலாய் மொழியில் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பழக்கத்தைத் தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலேயே தொடங்கலாம்.

நாடு பிள்ளையை அழைக்கிறது. அனுப்புவது நம் கடமை. அழைத்த பிள்ளையின் வயிற்றையும் நம்பிக்கையையும் மதித்து வைத்திருப்பது நாட்டின் கடமை. உங்கள் கருத்துகளையும் அறிய ஆவல்.